மெமரி வரைபடத்தைத் திருப்பித் தாருங்கள்: கண்காணிப்புத் திரை வடிவமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கண்காணிப்புத் திரை வடிவமைப்புக் குழு, சென்னை அலுவலகம்
அனுப்புநர்: இரவுப் பணி ஆபரேட்டர்கள், எபென், மொரிஷியஸ்

வடிவமைப்புக் குழுவினருக்கு,

சர்வர்களின் மெமரி வரைபடங்களை மொத்தமாக எடுத்துவிட்டு, சர்வருக்கு ஒரு வட்ட மானி, அதன் நடுவில் ஒரு சதவீத எண், 80-ஐத் தாண்டினால் மஞ்சள், 90-ஐத் தாண்டினால் சிவப்பு என்று மாற்றிவிட்டீர்கள். பார்த்தவுடன் புரிய வேண்டும் என்பது நீங்கள் சொன்ன காரணம். அந்த நோக்கத்தில் எங்களுக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இந்த மானியைப் பார்த்தவுடன் தவறாகத்தான் புரிகிறது. ஆரோக்கியமான சர்வர் சிவப்பாகத் தெரிகிறது, விழப்போகும் சர்வர் பச்சையாகத் தெரிகிறது. இரவில் அதை நம்பி முடிவெடுக்க வேண்டியவர்கள் நாங்கள் என்பதால் இதை டிக்கெட்டாகப் போட்டுவிட்டுக் காத்திருக்க மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் தமிழர்களே இருக்கும்போது சுற்றி வளைக்காமல் தமிழிலேயே பேசிவிடலாம் என்று எழுதுகிறோம்.

அடிப்படைக் கோளாறு கணக்கில் இருக்கிறது. "மெமரி பயன்பாடு" என்ற ஒரே தலைப்பின் கீழ் உங்கள் மானி மூன்று வெவ்வேறு கணக்குகளைக் காட்டுகிறது. நேரடி இயந்திரங்களில், மொத்த மெமரியிலிருந்து மெம்ஃப்ரீயை, அதாவது எதற்கும் பயன்படாமல் கிடக்கும் மெமரியை, கழித்து வரும் மிச்சம். விர்ச்சுவல் மெஷின்களில், அதிலிருந்து பஃபர்ஸையும் கேச்டையும் (டிஸ்க் தரவின் தற்காலிக நகல்கள்) ஸ்லாப் கேச்சையும் (இயக்க முறைமையின் மையமான கர்னல் தனக்கென வைத்திருப்பது) மேலும் கழித்து வருவது. கன்டெய்னர்களில் (ஒரே சர்வரில் தனித்தனிப் பெட்டிகளாக ஓடும் புரோகிராம்கள்), அவற்றின் மெமரிக்கு எல்லை போடும் சி-குரூப் தரும் மெமரி.கரண்ட் எண்ணை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஒரே வரிசையில், ஒரே அளவில், ஒரே நிறங்களில் நிற்கும் மூன்று வட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது என்று திரையில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஃபைல்களைப் பரிமாறும் வெப் சர்வர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 64 ஜிபி போட்ட நேரடி இயந்திரம். கர்னல் தொடக்கத்திலேயே ஒதுக்கிக்கொண்டது போக மெம்டோட்டல், அதாவது மொத்த மெமரி, 62.8 என்று காட்டும். மெமரிக் கணக்கை கர்னல் வெளியிடும் மெம்இன்ஃபோ ஃபைலைத் திறந்தால் கணக்கு (எல்லாம் ஜிபியில்) இப்படி வரும்: மெம்ஃப்ரீ 1.1, பஃபர்ஸ் 0.6, கேச்டு 46.3, திரும்பப் பெறக்கூடிய ஸ்லாப் 2.4, புரோகிராம்களின் சொந்த மெமரியான அனான்பேஜஸ் 10.2, திரும்பப் பெற முடியாத ஸ்லாப் 0.9, பேஜ் டேபிள் (எந்தப் பக்கம் மெமரியில் எங்கே என்ற அட்டவணை), கர்னல் ஸ்டாக் போன்றவை சேர்ந்து 1.3. கூட்டினால் 62.8. உங்கள் மானி இதில் 1.1-ஐ மட்டும் கழித்துவிட்டு 98% என்று சிவந்து நிற்கிறது. அந்த 46.3-ல் ஏறக்குறைய எல்லாமே டிஸ்கிலிருந்து படித்த ஃபைல்களின் நகல். எந்த புரோகிராமாவது மெமரி கேட்டால் கர்னல் அந்த நகலை விட்டுவிட்டு இடத்தைக் கொடுத்துவிடும். புதிதாகக் கேட்டால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கர்னலே மதிப்பிட்டுத் தரும் மெம்அவைலபிள் இங்கே 49-ஐ ஒட்டி இருக்கிறது. அப்படியானால் உண்மையில் பிடிபட்டிருப்பது 22% தான். இந்த சர்வரில் ஒரு குறையும் இல்லை. காலியாகக் கிடக்க வேண்டிய மெமரியைப் பயனுள்ள வேலைக்கு வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும் விர்ச்சுவல் மெஷின் ஒன்று. இதற்கும் அதே 62.8. அதன் புரோசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு பஃபர்ஸுக்கு 16 ஜிபி கொடுத்திருக்கிறது. மெம்ஃப்ரீ 2.0, பஃபர்ஸ் 0.3, கேச்டு 24.5, திரும்பப் பெறக்கூடிய ஸ்லாப் 1.0, அனான்பேஜஸ் 31.0, மற்ற ஸ்லாப் 1.2, பேஜ் டேபிள் 1.8, இதர வகை 1.0. இங்கே உங்கள் கணக்கு கேச்டை முழுதாகக் கழிப்பதால் 56% என்று பச்சையில் நிற்கிறது. ஆனால் போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபர்ஸ் ஷேர்டு மெமரியாகப் பதிவாகிறது, லினக்ஸ் அந்த ஷேர்டு மெமரியைக் கேச்டுக்குள்ளேயே சேர்த்து எண்ணுகிறது. 24.5-ல் 16.4 அப்படிப்பட்டது. அதை விட்டுக்கொடுக்க கர்னலால் முடியாது. டிஸ்கில் மெமரிக்கென ஒதுக்கிய ஸ்வாப்புக்குத் தள்ளினால்தான் உண்டு, ஸ்வாப் இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. உண்மையில் கொடுக்க மீதமிருப்பது 11-க்குச் சற்று மேல். அதாவது 82% பிடிபட்டுவிட்டது. பெரிய அறிக்கை ஒன்று ஓடத் தொடங்கி, நாலைந்து கனெக்‌ஷன்கள் ஆளுக்கு 2 ஜிபி வொர்க் மெமரி எடுத்தால் கதை முடிந்தது.

இரண்டு இயந்திரங்களையும் அருகருகே வைத்து உங்கள் திரையைப் பாருங்கள். 22% நெருக்கடியில் இருப்பது சிவப்பு, 82% நெருக்கடியில் இருப்பது பச்சை.

மெம்அவைலபிள் புதிதாக வந்ததல்ல. 2014-ல் கர்னல் 3.14-லேயே வந்துவிட்டது. சர்வரின் அளவீடுகளைத் திரட்டித் தரும் நோட் எக்ஸ்போர்ட்டர் அதைத் தனி அளவீடாகவே அனுப்புகிறது. ஃப்ரீ கட்டளையில் "அவைலபிள்" என்ற நெடுவரிசை இருப்பதும் அதற்காகத்தான். அந்தக் கட்டளையைச் செய்தவர்கள் பிந்தைய பதிப்புகளில் "யூஸ்டு" எண்ணையே மொத்தம் கழித்தல் அவைலபிள் என்று மாற்றிவிட்டார்கள். கட்டளை வரியில் ஒரு எண், உங்கள் மானியில் வேறொரு எண் என்று வரும்போது எங்களில் யாரும் மானியை நம்புவதில்லை. நம்பாத கருவியைச் சுவர்த் திரையில் ஏற்றி வைப்பதால் என்ன பயன்?

நம்பாமல் போவதோடு நின்றாலும் பரவாயில்லை. சிவப்பைப் பச்சையாக்க வேண்டும் என்ற அழுத்தம் வந்தவுடன், கேச்சைக் காலி செய்யச் சொல்லும் ட்ராப் கேச்சஸில் 3 என்று எழுதும் வரி, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ஏறிவிடுகிறது. ஒரு மணிக்கு ஒருமுறை கேச் முழுவதும் கீழே விழும், மானி பச்சையாகும், அடுத்த சில நிமிடங்களுக்கு ஒவ்வொரு ஃபைலும் டிஸ்கிலிருந்து மறுபடி படிக்கப்படும். பதில் நேரம் ஏறும், டிஸ்க் வரிசை நீளும், பாரீஸ் வாடிக்கையாளர் "ஒவ்வொரு மணி நேரமும் சைட் மெதுவாகிறது" என்று டிக்கெட் போடுவார். தவறான வரைபடம் நல்ல சர்வரையும் கெடுக்கும் வழி இது. எங்கள் பார்வையில் உள்ள சர்வர்களில் இந்த வரியை எங்கே கண்டாலும் நீக்குகிறோம். மானி இருக்கும்வரை அது மறுபடி முளைக்கத்தான் செய்யும்.

வேண்டியது என்ன என்பதைச் சொல்கிறோம்.

சர்வருக்கு ஒரு அடுக்கு வரைபடம். கீழிருந்து மேலாக அடுக்கின் வரிசை மிக முக்கியம், ஏனென்றால் அடுக்கு வரைபடத்தில் அடித்தளம் சமமாக இருக்கும் ஒரே பட்டை அடியில் உள்ள பட்டைதான். மேலே போகப் போக ஒவ்வொரு பட்டையும் கீழே உள்ளவற்றின் ஆட்டத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும், கண்ணால் அளக்க முடியாது. ஆகவே எது எங்களுக்கு முக்கியமோ அது தரையில் உட்கார வேண்டும். அடியில் அனான்பேஜஸ். அதன்மேல் ஷேர்டு மெமரி. அதற்கு மேல் கர்னலின் பிடி, அதாவது திரும்பப் பெற முடியாத ஸ்லாப், பேஜ் டேபிள், கர்னல் ஸ்டாக். இந்த மூன்றும் அடர் நிறத்தில் இருக்கட்டும். அதற்கு மேலே வெளிர் நிறத்தில் கேச், அதாவது கேச்டிலிருந்து ஷேர்டு மெமரியைக் கழித்தது, அதோடு பஃபர்ஸும் திரும்பப் பெறக்கூடிய ஸ்லாப்பும். உச்சியில் வெறுமையாக மெம்ஃப்ரீ. அடர் நிறம் எங்கே முடிகிறதோ அதுவே ஆபத்தின் மேல்விளிம்பு. அது கூரையை நெருங்குகிறதா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். நீங்கள் கேட்ட "பார்த்தவுடன் புரிவது" இதில்தான் கிடைக்கும்.

அந்த அடுக்கில் மெம்அவைலபிளை ஒரு பட்டையாகச் சேர்த்துவிடாதீர்கள். அதற்குள் மெம்ஃப்ரீயும் கேச்சும் ஏற்கெனவே இருக்கின்றன, இரண்டு முறை எண்ணியதாகிவிடும். மெம்டோட்டலையும் அடுக்கில் போடக் கூடாது. பழைய திரை ஒன்றில் அப்படிப் போட்டதால் 64 ஜிபி இயந்திரத்தின் அச்சு 128 வரை போய், நிரம்பிய சர்வர் பாதி காலி போலத் தெரிந்தது. மெம்டோட்டல் என்பது அடுக்குக்கு வெளியே, மேலே கிடைமட்டமாக ஓடும் மெல்லிய கோடு. மெம்டோட்டல் கழித்தல் மெம்அவைலபிள் என்பது இன்னொரு கோடு, இதையும் அடுக்காமல் மேலே வரையுங்கள். அடர் பட்டைகளின் விளிம்பும் இந்தக் கோடும் ஏறக்குறைய ஒட்டியே ஓட வேண்டும். விலகினால் ஏதோ கணக்கில் வராமல் இருக்கிறது என்று பொருள். அந்த விலகலே எங்களுக்கு நல்ல துப்பு.

கணக்கில் வராதவை என்றால் பெரும்பாலும் இரண்டு. ஒன்று ஹியூஜ் பேஜ், அதாவது வழக்கமான 4 கேபிக்குப் பதில் 2 எம்பி அளவில் முன்கூட்டியே ஒதுக்கும் பக்கம். ஒதுக்கிய கணத்திலேயே மெம்ஃப்ரீயிலிருந்து குறைந்துவிடும், ஆனால் அனான்பேஜஸிலும் வராது, கேச்டிலும் வராது. அதைத் தனிப் பட்டையாகச் சேர்க்காவிட்டால் அடுக்கு மொத்தத்தை எட்டாது. இன்னொன்று இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். அதன் ஆர்க் கேச் நெருக்கடியில் சுருங்கக்கூடியதுதான், ஆனால் லினக்ஸின் கேச்டு எண்ணிலோ மெம்அவைலபிளிலோ அது சேர்வதில்லை. பேக்கப் சர்வர்களில் மெமரியில் பாதியை ஆர்க் எடுத்துக்கொண்டிருப்பது சாதாரணம். அங்கே ஆர்க் அளவை அதற்கான புள்ளிவிவர ஃபைலிலிருந்து எடுத்து, கேச்சின் வெளிர் நிறத்திலேயே தனிப் பட்டையாகக் காட்ட வேண்டும்.

ஹியூஜ் பேஜைப் பற்றி இன்னும் ஒன்று, டேட்டாபேஸ் சர்வர்களுக்காக. 16 ஜிபி ஷேர்டு பஃபர்ஸை 4 கேபி பக்கங்களாக மேப் செய்தால், அதை முழுதாகத் தொடும் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் பேஜ் டேபிள் மட்டும் 32 எம்பி ஆகும். இருநூறு கனெக்‌ஷன் என்றால் 6 ஜிபிக்கு மேல். புரோசஸ் பயன்படுத்தும் மெமரி எண்ணில் அது சேராது, டாப் கட்டளை வழக்கமாகக் காட்டும் பட்டியலில் தேடினாலும் கிடைக்காது. 2 எம்பி பக்கமாக்கினால் கனெக்‌ஷனுக்கு 64 கேபி போதும். பேஜ் டேபிள் பட்டை தனியாகத் தெரிந்தால் இந்தப் பிரச்சினையை வரைபடமே காட்டிக்கொடுக்கும். அதனால் டேட்டாபேஸ் திரைகளில் மட்டும் கர்னல் பிடியைப் பிரித்துக் காட்டுங்கள். மற்ற இடங்களில் ஒன்றாக இருந்தால் போதும். ஒரு படத்தில் ஆறு பட்டைக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

புரோசஸ் வாரியாகப் பிரித்துக் காட்டும் பட்டியலிலும் இதே தவறு நடக்கிறது. ஒவ்வொரு போஸ்ட்கிரெஸ் புரோசஸின் ஆர்எஸ்எஸ்ஸையும் (அது மெமரியில் வைத்திருப்பதன் அளவு) கூட்டியிருக்கிறீர்கள். ஆர்எஸ்எஸ்ஸில் ஷேர்டு மெமரி ஒவ்வொருவர் கணக்கிலும் முழுதாக ஏறும். கூட்டுத்தொகை இயந்திரத்தின் மொத்த மெமரியையே தாண்டிவிடுகிறது. பகிர்ந்ததைப் பங்கு பிரித்துத் தரும் பிஎஸ்எஸ் எண் ஸ்மாப்ஸ் ரோலப் என்ற ஃபைலில் கிடைக்கிறது. படிப்பதற்குக் கொஞ்சம் செலவு பிடிக்கும், அதனால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும்.

அச்சு பூஜ்யத்தில் தொடங்கி மெம்டோட்டலில் முடிய வேண்டும். தானாக அளவு மாறும் அச்சில், 40-லிருந்து 40.3-க்கு ஏறியது மலைபோலத் தெரியும். அலகு விஷயத்தில் இப்போது ஒரே திரையில் இரண்டு கணக்கு ஓடுகிறது. மெம்இன்ஃபோவில் "கேபி" என்று அச்சாகியிருந்தாலும் அது 1024-ன் கணக்கு. உங்கள் வட்டம் 1024-ல் பேசுகிறது, பக்கத்துப் பட்டியல் 1000-த்தில் பேசுகிறது. 64 என்று ஒன்று சொல்வதை இன்னொன்று 68.7 என்று சொல்லும். கன்டெய்னரின் எல்லையை யாமல் அமைப்பு ஃபைலில் எழுதுபவர் எந்தக் கணக்கில் எழுதினாரோ அது வேறு. வரைபடத் திரைகளை வரையும் கிராஃபானாவில் 1024 அலகைத் தேர்ந்தெடுக்க ஒரு சொடுக்குதான் தேவை. கோடுகளை வளைத்து மென்மையாக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். வளைவு, புள்ளிகளுக்கு நடுவே அளக்காத வடிவத்தைக் கற்பனையாக வரைந்துவிடும். நேர்கோடோ படிக்கட்டுக் கோடோ போதும்.

நேர அச்சில் ஒளிந்திருக்கும் பிழை இதைவிட மோசம். ஏழு நாள் பார்வையை 1000 புள்ளி அகலமுள்ள படத்தில் வரைந்தால் ஒரு புள்ளிக்குப் பத்து நிமிடம். முப்பது நாளென்றால் 43 நிமிடம். அளவீடுகளைச் சேமித்து வைக்கும் புரோமீதியஸ் அந்த இடைவெளிக்குச் சராசரி கூடப் போடாது. அந்தந்தப் புள்ளியில் இருக்கும் கடைசி மதிப்பை எடுத்துக்கொண்டு நடுவில் நடந்ததை விட்டுவிடும். மூன்று நிமிடத்தில் ஏறி, ஒரு புரோசஸைக் கொன்று, இறங்கிய சம்பவம் வாராந்தரப் படத்தில் தடயமே இல்லாமல் போகும். பார்வையின் நீளத்தை மாற்றினால் புள்ளிகள் நகர்ந்து அதே சம்பவம் திடீரென்று தோன்றலாம். மறுபடி மாற்றினால் மறையலாம். மெம்அவைலபிளுக்கு அந்த இடைவெளியின் குறைந்தபட்சத்தையும், பயன்பாட்டுக்கு அதிகபட்சத்தையும் கேட்கும்படி குவெரியை மாற்றினால் இது தீரும்.

அதற்கும் தப்பக்கூடியவை உண்டு. 15 நொடிக்கு ஒருமுறை எடுக்கும் அளவில், 10 நொடியில் நடந்து முடிந்த நெருக்கடி எந்த மாதிரியிலும் சிக்காமல் போகலாம். ஏறிக்கொண்டே போகும் கவுன்டர்கள் அப்படித் தப்பவிடுவதில்லை. அடுத்த வாசிப்பில் வித்தியாசம் நிச்சயம் தெரியும். ஆகவே அடுக்கு வரைபடத்துக்கு நேர் கீழே, அதே நேர அச்சில், உயரம் குறைந்த மூன்று படங்கள் வேண்டும்.

முதலாவது ஸ்வாப்பிலிருந்து உள்ளே வரும் வேகம். ஸ்வாப் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் இப்போது சிவப்பில் காட்டுகிறீர்கள். பல வாரமாக யாரும் தொடாத பக்கங்கள் 2 ஜிபி ஸ்வாப்பை நிரப்பிக்கொண்டு சும்மா கிடப்பதில் தீங்கொன்றுமில்லை. உள்ளே வந்து போய்க்கொண்டே இருந்தால்தான் சர்வர் திணறுகிறது. கர்னல் இதைப் பக்கங்களின் எண்ணிக்கையாகத் தருகிறது, 4096-ஆல் பெருக்கினால்தான் பைட் கணக்கு வரும். இதை வலதுபக்கத் தனி அச்சாக அடுக்கு வரைபடத்தின் மேலேயே போட வேண்டாம். இரண்டு அச்சு உள்ள படத்தில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு ஒரு பொருளும் கிடையாது, பார்ப்பவரோ பொருள் தேடுவார்.

இரண்டாவது மெமரி பிரஷர். 2018 இறுதியில் வந்த கர்னல் 4.20-லிருந்து பிஎஸ்ஐ என்ற அளவீடு இருக்கிறது. மெமரி கிடைக்காமல் வேலைகள் எவ்வளவு நேரம் நின்றன என்பதை மைக்ரோ நொடிக் கவுன்டராகவே தருகிறது. "சம்" (some) என்ற வரி, குறைந்தது ஒரு வேலையாவது நின்ற நேரம். "ஃபுல்" என்ற வரி, எல்லாமே ஒருசேர நின்ற நேரம். எவ்வளவு மெமரி போயிருக்கிறது என்ற கேள்வியைவிட, அதனால் யாருக்காவது வலிக்கிறதா என்ற கேள்வி எங்களுக்கு முக்கியம். அதற்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஒரே எண் இதுதான். சில ரெட் ஹேட் சர்வர்களில் இது அணைந்த நிலையில் வரும். பூட் வரியில் பிஎஸ்ஐ=1 என்று சேர்த்து ரீபூட் செய்ய வேண்டும், பராமரிப்பு நேரத்தில் நாங்களே செய்து தருகிறோம்.

மூன்றாவது ஓஓஎம் கில், அதாவது மெமரி தீர்ந்ததால் கர்னல் கொன்ற புரோசஸ்களின் எண்ணிக்கை. கோடாக வேண்டாம், நிகழ்ந்த இடத்தில் ஒரு செங்குத்துக் குறி போதும். டிப்ளாய் நடந்த நேரங்களையும் அதே படங்களில் வேறு நிறக் குறியாகப் போடுங்கள். புது வெளியீட்டுக்குப் பின் அடர் பட்டை நேர்கோட்டில் ஏறத் தொடங்கினால் அது லீக், எடுத்த மெமரியைத் திருப்பித் தராத கோளாறு. ஏறிப் போய்த் தட்டையாக நிற்பது புரோகிராமே வைத்துக்கொள்ளும் கேச். இந்த இரண்டு வடிவங்களையும் பிரித்தறிய வரலாறு தேவை, உங்கள் வட்டத்தில் வரலாறே கிடையாது. 85% என்று காட்டுகிறது, நேற்று 40-ஆக இருந்ததா, ஒரு மாதமாகவே 85-ல் இருக்கிறதா? அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் ஆளை எழுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம். ஜாவா சர்வர்களில் இன்னும் கவனம் வேண்டும். ஹீப் (ஜாவா புரோகிராம் தன் தரவை வைக்கும் மெமரி) ரம்பப் பல் போல ஏறி இறங்குவது இயல்பு. உச்சியைப் பார்த்து எச்சரிக்கை அடித்தால் நாள் முழுவதும் அடிக்கும். வேண்டாததைத் துடைக்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் முடிந்த பின் எஞ்சும் அளவை, அதாவது பற்களின் அடியைத் தனிக் கோடாக வரையுங்கள். அடி உயர்ந்துகொண்டே போனால் மட்டும் எங்களுக்குச் சொல்லுங்கள்.

கன்டெய்னர்களுக்கு வருவோம். மெமரி.கரண்ட் எண்ணில் ஃபைல் கேச்சும் அடங்கும். லாக் ஃபைலில் எழுதிக்கொண்டே இருக்கும் கன்டெய்னர் நாளடைவில் எல்லையைத் தொட்டு அங்கேயே நிற்கக்கூடும். அதனால் மட்டும் ஒரு தீங்கும் இல்லை. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் பக்கம் வழங்கும் வொர்க்கிங் செட், இதிலிருந்து அண்மையில் தொடாத ஃபைல் பக்கங்களைக் கழித்தது. தலைப்பு எண்ணாக அதை வையுங்கள். அதற்குக் கீழே மெமரி.ஸ்டாட்டிலிருந்து அனான், ஃபைல் என்று இரண்டு பட்டை. எல்லை ஒரு கோடு. மெமரி.இவென்ட்ஸில் வரும் ஓஓஎம் கில் ஒரு குறி. வெளியேறும் குறியீடு 137 என்று வந்தால் சிக்னல் 9-ஆல் கொல்லப்பட்டது என்றுதான் அர்த்தம், மெமரிதான் காரணம் என்று அது மட்டும் நிரூபிக்காது. இவென்ட்ஸ் எண் ஏறியிருந்தால் உறுதி. இந்த ஒரு குறி இல்லாததால் ஒவ்வொரு முறையும் கன்டெய்னர் ஓடும் நோட் சர்வருக்குள் நுழைந்து கர்னல் லாகைத் துழாவுகிறோம்.

இனி எங்கள் தீவு சார்ந்த விஷயம். நேரத்தைச் சென்னை நேரத்தில் பூட்டிவிட்டீர்கள். நாங்கள் உலகப் பொது நேரமான யூடிசி-க்கு 4 மணி நேரம் முன்னால், நீங்கள் ஐந்தரை. வாடிக்கையாளர்களில் பாரீஸ்காரர்கள் குளிர்காலத்தில் எங்களுக்கு 3 மணி நேரம் பின்னால், கோடையில் 2 மணி நேரம். ஜோகன்னஸ்பர்க் எப்போதும் 2. "இரண்டு மணிக்கு விழுந்தது" என்று ஒருவர் போனில் சொல்லும்போது மனக்கணக்குப் போட வேண்டிய நாடுகளின் எண்ணிக்கையை நீங்கள் ஒன்று கூட்டியிருக்கிறீர்கள். பார்ப்பவரின் நேரமே இயல்பாக வரட்டும், பக்கத்தில் யூடிசி-க்கு மாற ஒரு பொத்தான் இருக்கட்டும்.

புயல் காலத்தை நீங்கள் கணக்கில் எடுத்ததாகவே தெரியவில்லை. மூன்றாம் நிலை எச்சரிக்கை வந்துவிட்டால் பஸ் ஓடாது, ஊரே வீட்டுக்குள். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அத்தகைய நாளில் காத்ர் போர்னிலோ ரோஸ் ஹில்லிலோ வீட்டு மேசையில், 14 அங்குல லேப்டாப்பில், மொபைல் இணைப்பில்தான் இந்தத் திரை திறக்க வேண்டும். இப்போதைய முகப்புப் பக்கம் எல்லா சர்வருக்கும் வட்டம் வரைவதற்காக எல்லா குவெரிகளையும் ஒரே நேரத்தில் ஓட்டுகிறது, 10 நொடிக்கு ஒருமுறை மறுபடி ஓட்டுகிறது. முகப்பில் மெம்அவைலபிள் மிகக் குறைவாக உள்ள பத்து சர்வர்களின் பட்டியல் மட்டும் வரட்டும். பெயரைச் சொடுக்கினால் அதன் அடுக்கு வரைபடம். புதுப்பிப்பு ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை என்றாலே தாராளம்.

இணைப்பு அறுந்த நேரங்களையும் நேர்மையாகக் காட்டுங்கள். எங்கள் அளவீடுகள் கடலடிக் கேபிள் வழியாகத்தான் உங்களிடம் வந்து சேர்கின்றன. இடையில் விட்டுப்போன தரவை இப்போது சில படங்களில் பூஜ்யமாக வரைகிறீர்கள், சிலவற்றில் இரு முனைகளையும் கோட்டால் இணைத்துவிடுகிறீர்கள். முதலாவதைப் பார்த்தால் சர்வர் விழுந்து எழுந்தது போல இருக்கிறது. இரண்டாவதைப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கிறது. தரவு இல்லாத இடம் வெற்றிடமாகவே இருக்கட்டும்.

நிறம் பற்றிச் சுருக்கமாக. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் எந்தப் பணிக்குழுவிலும் இருப்பார்கள், ஆண்களிடையே இது அரிதல்ல. பிடிபட்ட மெமரிக்கு அடர் நீலமும் ஆரஞ்சும், கேச்சுக்கு வெளிர் சாம்பல் என்று வைத்தால் எல்லோருக்கும் தெரியும். எந்தத் திரைக்குப் போனாலும் கேச்சுக்கு அதே சாம்பல்தான் இருக்க வேண்டும். தைப்பூசக் காவடி அன்று இங்கே அரசு விடுமுறை, எங்களில் பாதிப் பேர் கோயிலில் இருப்போம். அன்று எங்கள் இருக்கையில் உட்காரும் வேறு குழு நண்பருக்கு நிறங்களுக்கு விளக்கம் சொல்ல ஆள் இருக்காது. சிவப்பை எச்சரிக்கைக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

எச்சரிக்கையின் வரம்பு கடைசிக் குறை. 90% என்ற ஒரே கோடு 2 ஜிபி மெஷினுக்கும் 512 ஜிபி மெஷினுக்கும் பொருந்தாது. முன்னதில் மிச்சம் 200 எம்பி, பின்னதில் 51 ஜிபி. மெம்அவைலபிள் 10 சதவீதத்துக்கும் 4 ஜிபிக்கும் கீழே போயிருக்க வேண்டும், அதோடு பிரஷரின் "சம்" வரியோ ஸ்வாப் உள்வரவோ 5 நிமிடமாவது தொடர வேண்டும். இவை சேர்ந்து வந்தால் ஆளை எழுப்புங்கள். மெமரி குறைந்திருக்கிறது, ஆனால் வலி இல்லை என்றால் காலையில் பார்க்கும் டிக்கெட் போதும். ஓஓஎம் கில் ஒன்று நடந்தாலும் உடனே சொல்ல வேண்டும், அதற்கு வரம்பே வேண்டாம்.

எங்கள் கோரிக்கைகள்:

வட்ட மானிகளை இரவுப் பணித் திரையிலிருந்து நீக்குங்கள். முழுமையான மாற்றத்துக்கு நேரம் பிடிக்குமென்றால், அதுவரை மூன்று வகை இயந்திரங்களிலும் உள்ள கணக்கையாவது சரிசெய்யுங்கள். சர்வர்களில் மொத்தம் கழித்தல் மெம்அவைலபிள், கன்டெய்னர்களில் வொர்க்கிங் செட். அது சில வரி குவெரி மாற்றம்தான், இந்த வாரமே முடியும்.

மேலே சொன்ன அடுக்கு வரைபடத்தையும் அதன் கீழ் மூன்று படங்களையும் முதலில் ஒரு வெப் சர்வர், ஒரு போஸ்ட்கிரெஸ் சர்வர், ஒரு குபர்நெட்டீஸ் நோட் ஆகியவற்றில் மட்டும் போட்டுப் பாருங்கள். பழைய மானியும் பக்கத்திலேயே இரண்டு வாரம் இருக்கட்டும். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் எது சரியாகச் சொன்னது என்று பணிக் குறிப்பேட்டில் எழுதித் தருகிறோம், அந்தக் குறிப்புகளை வைத்து முடிவெடுங்கள்.

ஒவ்வொரு படத்தின் தலைப்புக்குக் கீழும் அதன் கணக்கை ஒரே வரியில் அச்சிடுங்கள். எந்த எண்ணிலிருந்து எது கழிக்கப்பட்டது, அலகு என்ன, எத்தனை நொடிக்கு ஒருமுறை எடுக்கப்பட்டது.

நேர மண்டலம், விடுபட்ட தரவு, முகப்புப் பக்கத்தின் சுமை ஆகிய மூன்றையும் நவம்பரில் புயல் பருவம் தொடங்குமுன் சரிசெய்யுங்கள்.

மெமரித் திரையில் இனி எந்த மாற்றம் செய்வதாக இருந்தாலும், வெளியிடுமுன் எபென் இரவுப் பணியிலிருந்து ஒருவரை அமர்த்தி, உண்மையான பழைய சம்பவம் ஒன்றின் தரவை அதில் ஓட்டிக் காட்டுங்கள். அந்த ஆளை நாங்கள் அனுப்பி வைக்கிறோம்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று இம்மாத இறுதிக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
இரவுப் பணி ஆபரேட்டர்கள்
எபென், மொரிஷியஸ்